வேலூர் என்றால் எந்த வேலூர்?

வீட்டுவரி ரசீது கைக்கு வந்த அன்றுதான் விஷயம் விளங்கியது. முகவரியில் வேலூர் என்று இருக்கிறது. பின்கோடு 632 என்று தொடங்குகிறது. ஆனால் ரசீதின் தலைப்பில் அச்சாகியிருந்தது ஒரு கிராம ஊராட்சியின் பெயர். கீழே வட்டமான ஊதா முத்திரையிலும் அதே பெயர். இதை எழுதுபவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மூன்று முறை படித்தார். ஆறு மாதம் உட்கார்ந்து தொகுத்த எக்செல் அட்டவணை முழுக்க மாநகராட்சியைப் பற்றியது. வாங்கிய வீடு மாநகராட்சிக்குள் இல்லை.

வேலூரைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை என்று அவர் இன்றும் உறுதியாகச் சொல்வார். மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2021 மார்ச்சில் வெளியிட்ட 'ஈஸ் ஆஃப் லிவிங் 2020' பட்டியலில், பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களில் சிம்லா முதலிடம். சேலம் ஐந்தாவது, வேலூர் ஆறாவது, திருச்சி பத்தாவது. சென்னை வாடகையிலிருந்து விடுபட வேண்டும், வயதான அம்மாவுக்கு நல்ல மருத்துவம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னைக்குப் போய்விட்டு அன்றே திரும்ப வேண்டும். இந்த மூன்றுக்கும் வேலூரை விட்டால் வேறு ஊர் இல்லை.

மனைவியின் தம்பி அப்போதே தடுத்தார். "மாமா, கம்ப்யூட்டர்ல ஊரைப் பார்க்காதீங்க. நாலு நாள் தங்கிப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார். ரசீது வந்த பிறகு குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குக் கூடினாலும் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. மார்கழியில் நாலு நாள் தங்கினால் வேலூர் சொர்க்கமாகத்தான் தெரியும். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது எப்படி இருக்கும் என்பதை அந்த நாலு நாள் சொல்லாது. வானிலைத் துறையின் மாதவாரி சராசரி சொல்லும். ஆண்டுச் சராசரியைப் பார்க்காமல் ஏப்ரல், மே, ஜூன் மூன்றை மட்டும் தனியாகப் பார்த்ததால்தான் மேற்குச் சுவரில் ஜன்னல் இல்லாத வீடாகத் தேட முடிந்தது. புள்ளிவிவரம் ஏமாற்றவில்லை. அது எந்த இடத்துக்கான புள்ளிவிவரம் என்று கேட்காமல் விட்டதே தவறு.

"சிட்டி லிமிட்தாங்க சார், இந்த ரோடு வரைக்கும்" என்று புரோக்கர் சொன்னார். அந்த ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் என்று அவர் சொல்லவில்லை. வக்கீல் வில்லங்கம் பார்த்தார். பத்திரத்தின் சொத்து விவரத்தில் ஊராட்சிப் பெயர் இருக்கத்தான் செய்தது. படித்தபோது கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. அட்டவணையில் மதிப்பெண் போட்டு வைத்த பாதாளச் சாக்கடை, குப்பை, தெருவிளக்கு எல்லாம் மாநகராட்சி எல்லைக் கோட்டுக்கு உள்ளே எடுத்த கணக்கு. கோட்டுக்கு வெளியே வீட்டில் இருந்தது ஒரு செப்டிக் டேங்க், ஒரு போர்வெல். முதல் கோடையிலேயே மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டால் அம்மா எழுந்துபோய் சுவிட்சை அணைப்பார். பிறகு லாரித் தண்ணீருக்குப் போன் போகும்.

ரசீதுக்குப் பிறகு பழைய அட்டவணையைத் திறந்து ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'எல்லை' என்று ஒரு பத்தியைச் சேர்த்தார். அதை நிரப்ப நிரப்ப வயிறு கலங்கியது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலூர் 1,85,803 பேர். சத்துவாச்சாரியும் தாராபடவேடும் அதில் தனித்தனி ஊர்கள். பிறகு அவை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. இன்றைய மாநகராட்சியின் பள்ளி, பூங்கா, செலவுத் தொகை எதையும் அந்த 1,85,803-ஆல் வகுத்தால் ஊர் இருப்பதைவிடச் செழிப்பாகத் தெரியும். அவர் அப்படித்தான் வகுத்திருந்தார். அடுத்த கணக்கெடுப்பு 2027-இல்தான். அதுவரை நகரவாரி எண்கள் பெரும்பாலும் பழைய எல்லைக்குள் பழைய ஆட்களை எண்ணியவையே.

மாவட்ட எண் இதைவிட மோசம். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு 2017 மார்ச் 31 அன்று இருந்த 707 மாவட்டங்களை வைத்தே எண்களைத் தருகிறது. அதில் 'வேலூர்' என்ற வரிக்குள் ஆம்பூரும் வாணியம்பாடியும் அரக்கோணமும் ஜவ்வாதுமலையின் ஒரு பகுதியும் அடக்கம். குழந்தைகளின் ரத்தசோகை விகிதத்தை அங்கிருந்து எடுத்து வேலூர் நகரத்தின் பெயரில் எழுதி வைப்பது, மலைக்கிராமத்தின் நிலையை நகரத் தெருவின் தலையில் ஏற்றுவதாகும்.

குற்ற எண்ணுக்கும் இதே கதிதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் நகரவாரியாக விரிவாகத் தருவது இருபது லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 19 பெருநகரங்களுக்கு. சிறிய ஊருக்கு மாவட்ட அட்டவணைதான். அதுவும் பதிவான வழக்குகளின் எண்ணிக்கை; நடந்த குற்றங்களின் எண்ணிக்கை அல்ல. காற்றுத்தரக் குறியீடோ, கருவி நிற்கும் இடத்தின் காற்றைச் சொல்கிறது. கருவிக்கும் வீட்டுக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓடுகிறதா என்று வரைபடத்தில் பார்த்த பிறகுதான் அந்த எண்ணைத் தொட வேண்டும்.

நகர எண்ணைவிட வீட்டுக்கு நெருக்கமான எண் நிலத்தடி நீர்க் கணக்கில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 வரை இதைப் பிர்கா, அதாவது குறுவட்டம், வாரியாக மதிப்பிட்டார்கள். ஆண்டுக்கு எடுக்கத்தக்க நீரில் 100 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சினால் அந்தப் பிர்கா 'அதிநுகர்வு' பட்டியலில் சேர்ந்தது. பட்டாவில் வருவாய் கிராமத்தின் பெயர் இருக்கும். அந்தக் கிராமம் எந்தப் பிர்காவில் வருகிறது என்று வி.ஏ.ஓ. சொல்லிவிடுவார். வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு காலைப்பொழுதில் முடிகிற வேலை. ஊராட்சிப் பகுதியென்றால் ஜல் ஜீவன் இணையதளத்தில் அந்தக் கிராமத்தில் எத்தனை வீட்டுக்குக் குழாய் என்பதும் தெரியும். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அந்தத் திட்டத்தின் அளவுகோல். குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று எந்த அட்டவணையிலும் தேட வேண்டாம். அந்தத் தெருவில் குடத்தோடு நிற்கும் அம்மாவிடம் கேட்டால் தெரிந்துவிடும். மச்சான் சொன்னதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

வீட்டை விற்கும் எண்ணம் அவருக்கு இல்லை. நள்ளிரவில் அம்மாவுக்கு மூச்சுத் திணறியபோது ஆட்டோ பிடித்து இருபது நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். எதற்காக இந்த ஊருக்கு வந்தார்களோ அது நடந்தது.

சென்ற மாதம் பக்கத்து மனையைப் பார்க்க தாம்பரத்திலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவர் கையில் மடித்த காகிதம், அதில் ஆறாம் இடத்துக்கு மஞ்சள் கோடு. அதே புரோக்கர் சற்றுத் தள்ளி வண்டியில் சாய்ந்து நின்றார். இதை எழுதுபவர் உள்ளே போய் வீட்டுவரி ரசீதை எடுத்துவந்து அந்தக் கணவர் கையில் கொடுத்தார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "இது எந்தப் பிர்கா சார்?"