இல்லத் திருநாள்களும் இளங்குழந்தைகளும்

(மனையியல் ஆசிரியை ஒருவர் எழுதியது)



சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பினருக்கு, 'எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ்' என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி வருமாறு சொல்லியிருந்தேன். எல்லோரும் இரண்டு பக்கம், மூன்று பக்கம் என்று எழுதி வந்திருந்தார்கள். புத்தாடை, முறுக்கு, நடுச்சாமப் பூசை, நட்சத்திரம் என்று நோட்டுகள் மணந்தன. ஒருத்தியின் நோட்டில் மட்டும் மூன்றே வரிகள் இருந்தன. "எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. அன்று அப்பா குடித்துவிட்டு வருவார். நானும் தம்பியும் சீக்கிரம் படுத்துக்கொள்வோம்."

அந்த நோட்டில் மதிப்பெண் போட எனக்குக் கை வரவில்லை. மறுநாள் அவளைத் தனியே அழைத்து, "தம்பிக்கு என்ன வயது?" என்று கேட்டேன். "நாலு வயசு டீச்சர். மத்த வீட்டுல எல்லாம் ஸ்டார் போட்டிருக்கு, நம்ம வீட்டுல ஏன் போடலன்னு கேக்குறான்" என்றாள்.

பணமும் அமைதியும் இல்லாத வீட்டில் ஒரு சிறு குழந்தைக்குத் திருநாள் உண்டா? உண்டெனில் அதை யார் தர முடியும்? அவள் என்னிடம் விட்டுச் சென்ற இந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றையும் கண்டவற்றையும் உங்களுக்கு இங்கே ஒரு பாடமாகத் தருகிறேன். உங்களில் பலருக்கு வீட்டில் தம்பி தங்கையர் உண்டு. நாளை நீங்களே தாயாவீர்கள், ஆசிரியை ஆவீர்கள். ஆகவே இப்பாடம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று.

1. வழக்கமும் மரபும்

நாள்தோறும் பல் துலக்குகிறோம், உண்கிறோம், உறங்குகிறோம். இவை வழக்கங்கள். ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட முறையில், எல்லோரும் கூடிச் செய்வது மரபு. குடும்ப வழக்கங்களையும் மரபுகளையும் பற்றி 50 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்து, அமெரிக்க உளநூல் அறிஞர் பார்பரா ஃபீஸ் என்பவரும் அவருடைய துணைவர்களும் 2002 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதில் அவர்கள் காட்டிய வேறுபாடு மிகவும் எளியது. வழக்கம், 'என்ன செய்ய வேண்டும்' என்று சொல்கிறது. மரபோ, 'நாம் யார்' என்று சொல்கிறது.

சிறு குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று எண்ணிப் பாருங்கள். "எங்கள் வீட்டில் இப்படித்தான் செய்வோம்" என்று ஒரு குழந்தை சொல்லும்போது, அது பெருமை அடித்துக்கொள்ளவில்லை. தனக்கு ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் தனக்கு ஓர் இடம் இருக்கிறது என்பதையே அது சொல்கிறது.

2. குழந்தைக்கு நாள் எண்ணத் தெரியாது

நான்கு வயதுக் குழந்தையிடம், "கிறிஸ்துமசுக்கு இன்னும் 24 நாள்" என்று சொல்லிப் பயனில்லை. மறுநாள் காலையில் எழுந்ததும், "இன்றைக்கா?" என்று கேட்கும். கண்ணால் காண்பதும் கையால் தொடுவதுமே அதற்குக் கணக்கு.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திவந்த யோகான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற லுத்தரன் போதகருக்கும் இதே தொல்லை ஏற்பட்டது. பிள்ளைகள், 'கிறிஸ்துமஸ் எப்போது?' என்று ஓயாமல் கேட்டார்கள். 1839 இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுதிரி நான்கும், மற்ற நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுதிரிகளும் அதில் நாட்டினார். நாளுக்கு ஒன்றாகத் திரி ஏற்றப்பட்டது. பிள்ளைகள் விளக்கை எண்ணி நாளை அறிந்தார்கள். இன்று நம் ஆலயங்களில் திருவருகைக் காலத்தில் நான்கு திரிகளோடு வைக்கப்படும் பசுமை வளையத்தின் பிறப்பு இதுவே.

நம் வீடுகளில் சக்கரம் வேண்டியதில்லை. கிறிஸ்துமசுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு சிரட்டையில் மண் இட்டுக் கேழ்வரகை விதைத்து, நாள்தோறும் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். திருநாளன்று குடிலில் வைக்கப் பசும்புல் ஆயத்தமாக இருக்கும். அது வளர்வதைக் காணும் குழந்தை, காத்திருப்பது வீண் அன்று என்பதைத் தானே கற்றுக்கொள்ளும்.

3. முதல் குடிலில் என்ன இருந்தது?

1223 ஆம் ஆண்டு, இத்தாலி நாட்டில் கிரேச்சோ என்னும் சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் குடில் அமைத்தார். திருநாளுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பே அவ்வூரில் இருந்த நண்பர் ஒருவரிடம் சொல்லி, தீவனத் தொட்டி, வைக்கோல், ஓர் எருது, ஒரு கழுதை ஆகியவற்றை ஆயத்தம் செய்யச் சொன்னார். சுற்று வட்டாரத்து எளிய மக்கள் தீவட்டிகளோடு வந்து கூடினார்கள். தீவனத் தொட்டியின்மீதே திருப்பலி நிறைவேற்றப்பட்டது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் முதல் நாள் அவ்வூருக்கே சென்று, குடிலின் பொருளைப் பற்றிய திருமடலை வெளியிட்டார். வீடுகளில் குடில் கட்டும் பழக்கம் மறையாமல் தொடர வேண்டும் என்று அதில் கேட்டுக்கொண்டார்.

மாணவியரே, முதல் குடிலில் மின்விளக்குச் சரம் இல்லை, பளபளக்கும் காகிதம் இல்லை, விலை உயர்ந்த சுரூபங்களும் இல்லை. வைக்கோல் இருந்தது, கூடி நின்ற மக்கள் இருந்தார்கள். இன்று கடைகளில் குடிலும் நட்சத்திரமும் கட்டி முடித்த நிலையிலேயே கிடைக்கின்றன. வாங்குவது தவறன்று. ஆயினும் வாங்கி மாட்டிய நட்சத்திரத்தைக் குழந்தை பார்க்கிறது. மூங்கில் குச்சிக்குத் தானும் பசை தடவிக் காகிதம் ஒட்டிய நட்சத்திரத்தையோ ஆண்டு முழுவதும் நினைக்கிறது.

4. சிறு கைகளுக்கு ஏற்ற வேலை

'சும்மா இரு, கெடுத்துவிடாதே' என்று குழந்தையை ஓரத்தில் உட்கார வைப்பதே பல வீடுகளில் நடக்கிறது. வயதுக்கேற்ற வேலையைக் கொடுத்தால் கெடுதல் குறையும், மகிழ்ச்சி பெருகும்.

இரண்டு, மூன்று வயதினர்: வைக்கோலைப் பரப்பலாம், மணலைக் கொட்டலாம், சிரட்டைக்கு நீர் தெளிக்கலாம்.

நான்கு, ஐந்து வயதினர்: ஆடுகளை நிறுத்தலாம், மாவை உருட்டித் தரலாம், ஒவ்வொரு நற்செயலுக்கும் ஒரு வைக்கோல் இழையைத் தீவனத் தொட்டியில் இடலாம்.

ஆறு முதல் எட்டு வயதினர்: காகிதம் ஒட்டலாம், அடுத்த வீட்டுக்குப் பலகாரத் தட்டைக் கொண்டுசெல்லலாம், கிறிஸ்து பிறப்பின் வரலாற்றைத் தம்பி தங்கைக்குச் சொல்லலாம்.

குழந்தை இயேசுவின் சுரூபத்தைத் திருநாள் இரவு வரையில் வைக்காமல், தொட்டியை வெறுமையாக விடுவது நல்ல பழக்கம். அன்றிரவு அதை வைக்கும் உரிமையை வீட்டின் மிகச் சிறிய குழந்தைக்குக் கொடுங்கள். மூன்று ஞானியரை அறையின் மறு கோடியில் நிறுத்தி, நாளுக்கு ஒரு சாண் நகர்த்திவந்து திருக்காட்சித் திருநாளன்று குடிலை அடையச் செய்யலாம். அரிசிச் சாக்குக்கு அருகே 'ஒட்டகம் இன்று தங்கியிருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள், குழந்தையின் முகத்தை!

5. மதில் தாண்டும் தட்டு

நம் பள்ளியில் எல்லாச் சமயத்து மாணவியரும் படிக்கிறீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் இத்தகைய மரபு உண்டு. நவராத்திரிக் கொலுவில் கீழ்ப்படியின் ஓரத்தில் தன் பொம்மையைத் தானே வைக்கும் சிறுமியும், நோன்புப் பெருநாளன்று தந்தையின் விரலைப் பிடித்துத் தொழுகைக்குச் செல்லும் சிறுவனும் கற்பது ஒன்றே. நெல்லைச் சீமையில் சிறுமியருக்கென்றே சிறுவீட்டுப் பொங்கல் உண்டு. முற்றத்தில் களிமண்ணால் சிறு வீடு கட்டி, அதன்முன் சிறுமியர் பொங்கல் வைப்பார்கள். விளையாட்டும் வழிபாடும் சமையலும் ஒன்றாகக் கலந்த பள்ளி அது.

திருநாளில் பக்கத்து வீட்டுக்குச் சென்ற தட்டு வெறுமையாகத் திரும்புவதில்லை. ஒரு கைப்பிடிச் சர்க்கரையாவது அதில் வரும். அந்தத் தட்டைச் சுமந்து செல்லும் குழந்தை, அயலாரை நேசி என்பதை நூலில் படிக்கும் முன்பே காலால் நடந்து கற்றுவிடுகிறது.

6. துன்பம் புகுந்த வீடு

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். ஸ்டீவன் வோலின், லிண்டா பென்னெட் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள், தாய் அல்லது தந்தை குடிப்பழக்கத்துக்கு அடிமையான குடும்பங்களை ஆராய்ந்து, 1979 இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். குடியினால் வீட்டின் திருநாள்களும் கூடி உண்ணும் வேளைகளும் சிதைந்துபோன குடும்பங்களில், பிள்ளைகளுக்கும் அப்பழக்கம் தொற்றுவது மிகுதியாக இருந்தது. குடி புகுந்த போதிலும் மரபுகளைச் சிதையாமல் காத்த குடும்பங்களில் அது குறைவாக இருந்தது. இதனால், குடில் கட்டினால் குடி நின்றுவிடும் என்று பொருளன்று. ஒருவருடைய நோய் வீட்டின் எல்லா நாள்களையும் விழுங்கிவிடாமல், ஒரு நாளையாவது காத்து வைப்பது வீண்போகாது என்பதே பொருள்.

இதை நான் அந்தச் சிறுமியிடம் ஆய்வாகச் சொல்லவில்லை. "ஒரு செருப்புப் பெட்டி கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டேன். கிடைத்தது. பழக்கடையில் வீசிய வைக்கோல் கிடைத்தது. சிரட்டையும் ஒரு பிடிக் கேழ்வரகும் அவள் தாய் கொடுத்தார். சுரூபங்களை அவளும் தம்பியும் களிமண்ணால் செய்தார்கள். சூசையப்பருக்கு மூக்கு பெரிதாகிவிட்டதாம். திருநாள் இரவு, தந்தை வருவதற்கு முன்பே, ஏழு மணிக்குத் தாயும் பிள்ளைகளும் குடில்முன் அமர்ந்து செபம் சொன்னார்கள். தம்பி பாலனை வைத்தான். அன்றும் தந்தை வழக்கம்போலத்தான் வந்தார். ஆனால் அதற்குள் அவர்களுடைய கிறிஸ்துமஸ் முடிந்திருந்தது.

மறு ஆண்டு ஜூலை மாதம் அவள் என்னைக் கண்டு, "டீச்சர், கேழ்வரகு எப்ப போடணும்னு தம்பி இப்பவே கேக்குறான்" என்றாள். தந்தை திருந்தினாரா என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இறப்பு நேர்ந்த வீட்டில் அந்த ஆண்டு திருநாளை விட்டுவிடுவது நம்மிடையே உள்ள வழக்கம். பெரியவர்களின் துயரத்துக்கு அது பொருந்தும். ஆனால் சிறு குழந்தை, பாட்டியோடு சேர்ந்து திருநாளும் இறந்துவிட்டதோ என்று அஞ்சும். ஆடம்பரத்தை விடுங்கள், சிறு குடிலை விடாதீர்கள். பாட்டி செய்த பலகாரத்தை அவர் பெயரைச் சொல்லி ஒரு தட்டாவது பிறருக்குக் கொடுங்கள். வெளிநாட்டில் உழைக்கும் தந்தை கைப்பேசித் திரையில் முகம் காட்டும்போது, பாலனை வைக்கும் வேளையில் அவரும் உடனிருக்கட்டும்.

வீட்டில் அடியும் அச்சமும் இருக்குமானால், மாணவியரே, அதை உங்களுக்குள்ளேயே புதைத்துக்கொள்ளாதீர்கள். ஆசிரியையிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 ஐ எந்நேரமும் அழைக்கலாம். இது குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பதாகாது.

7. தவிர்க்க வேண்டியவை

(அ) வைக்கோலும் காகிதமும் உள்ள குடிலுக்குள் எரியும் மெழுகுதிரி வைக்கலாகாது. மின்விளக்குச் சரத்தில் உறை உரிந்த கம்பி உண்டா என்று பெரியவர்கள் பார்க்க வேண்டும். உறங்கும் முன் அணைக்க வேண்டும்.

(ஆ) மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கைக்கு மணி, பாசி, சிறு பொம்மை எட்டக்கூடாது. தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

(இ) முகமூடி அணிந்த கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கண்டு அழும் குழந்தையை, படம் எடுப்பதற்காக அவர் மடியில் திணிக்க வேண்டாம்.

(ஈ) நடுச்சாமப் பூசைக்கு அழைத்துச் செல்வதாயின், மாலையிலேயே சற்று உறங்க வையுங்கள். உறக்கம் கெட்ட குழந்தை திருநாளை அழுகையோடுதான் நினைக்கும்.

(உ) 'அவர்கள் வீட்டுச் சட்டையைப் பார், நம்முடையதைப் பார்' என்று குழந்தை கேட்க ஒப்பிட்டுப் பேசாதீர்கள். ஏழ்மையைக் குழந்தை தானாக அறிவதில்லை, நாம்தான் கற்பிக்கிறோம்.

முடிவுரை

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். ஐந்து வயதில் கண்ட திருநாள் ஐம்பது வயதிலும் கூட வரும். அதைத் தருவதற்குப் பணம் சிறிதளவு போதும். வளர்ந்தவராகவும் இருக்க வேண்டியதில்லை. பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு செருப்புப் பெட்டியைக் கொண்டு அதைச் செய்து காட்டினாள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒரு சிறியவர், 'நம் வீட்டில் எப்போது?' என்று கேட்கக் காத்திருக்கக் கூடும். அவருக்கு விடை சொல்ல வேண்டியவர் நீங்களே.

பயிற்சி

1. உங்கள் பாட்டி சிறுமியாய் இருந்தபோது திருநாளுக்குச் செய்த வேலை ஒன்றைக் கேட்டு எழுதுக.

2. வழக்கத்துக்கும் மரபுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வீட்டு எடுத்துக்காட்டுகளால் விளக்குக.

3. நான்கு வயதுத் தம்பி அல்லது தங்கைக்கு ஏற்ற ஒரு திருநாள் வேலையைத் திட்டமிட்டு, செய்து முடித்தபின் அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதி வருக.

4. வேறு சமயத்தைச் சேர்ந்த உங்கள் தோழியின் வீட்டில் குழந்தைகளுக்கென்று உள்ள ஒரு மரபைக் கேட்டறிக.