கழுவிய மறுநாளே டிஸ்க்கில் துரு ஏன்?

கேள்வி: வாரம் ஒருமுறை காரின் சக்கரங்களுக்குப் போர் தண்ணீர் அடித்து நன்றாகக் கழுவுகிறேன். மறுநாள் காலையில் பார்த்தால் பிரேக் டிஸ்க் முழுக்கச் செந்துரு. படகு எஞ்சினுக்குத் துடைப்பதுபோல் டிஸ்க்கிலும் டீசல் துடைத்து வை என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், பழவேற்காடு

பதில்: டீசல் மட்டும் வேண்டாம் ஐயா. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு. பிரேக் பேடுகள் அதை இருபுறமும் கவ்வுவதால்தான் வண்டி நிற்கிறது. பேடில் டீசலோ கிரீஸோ ஊறினால் பிடிமானம் போய்விடும். பேடையே மாற்ற வேண்டிவரும். உராயும் முகம் என்பதால் டிஸ்க்கில் பெயின்டும் நிற்காது. எனவே ஈரம் பட்டால் அது கோயம்புத்தூரிலும் ஓர் இரவில் சிவக்கும். புறப்பட்டதும் நாலைந்து முறை பிரேக் பிடியுங்கள், அந்த மேல்துரு போய்விடும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது உள்ளே தங்கும் உப்பைப் பற்றி. உப்புக்காற்றுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். அது பாதி உண்மை. கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 33 சதவீதத்தைத் தாண்டினாலே அது ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். சாதாரண சோற்றுப்பு கரைய 75 சதவீதம் வேண்டும். பழவேற்காடு ஏரிக்கரைக் காற்று 33க்குக் கீழே இறங்குவது அபூர்வம் என்பதால், உலர்ந்ததாகத் தெரியும் இரும்பும் உங்கள் ஊரில் நனைந்தே கிடக்கிறது. மீன் பெட்டி ஏற்றினால் ஐஸ் உருகிய உப்புநீரும் சொட்டும்.

இனி நான் கேட்கிறேன்: உங்கள் போர் தண்ணீர் கரிக்கிறதா? கோடையில் ஆரணி ஆறும் காளங்கியும் வற்றி, முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் ஏரியின் உப்பு கடலையே மிஞ்சும். கரையோரக் கிணறுகளிலும் உவர்ப்பு ஏறியிருக்கலாம். ஒரு கண்ணாடித் துண்டில் அந்தத் தண்ணீரை ஊற்றிக் காயவிடுங்கள். வெள்ளைப் படலம் நின்றால், கழுவுகிறோம் என்று வாராவாரம் நீங்களே உப்புப் பூசுகிறீர்கள். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பிடித்துவைத்த மழைநீர் மிக நல்லது.

ஆழமாகச் சுத்தம் செய்ய, பிரேக் ஆறியபின் தொடங்குங்கள். எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வைத்து, தரையில் நிற்கும்போதே வீல் நட்டைத் தளர்த்துங்கள். மணலில் ஜாக்கி புதையும். அடியில் தடித்த பலகை போட்டுத் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டு கொடுங்கள். பிரேக் தூசியை ஊதாதீர்கள், நுரையீரலுக்குக் கேடு. நனைத்தே துடைக்க வேண்டும். அலாய் சக்கரத்தில் கழிவறை ஆசிட் படவே கூடாது, அலுமினியத்தை அரித்துவிடும். டிஸ்க்குக்கு பிரேக் கிளீனர் ஸ்ப்ரே போதும்.

பெரும்பாலும் பழுதாவது காலிபரின் ஸ்லைடு பின்கள்தான். காலிபர் என்பது பேடுகளை அழுத்தும் கவ்வி. அது நகர்ந்து கொடுக்க உதவும் கம்பிகளே இந்தப் பின்கள். துருவில் இவை இறுகினால் ஒரு பேடு மட்டும் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இவற்றுக்குப் பிரேக்குக்கென விற்கும் சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை உப்பவைக்கும். கையால் நகராத பின்னோடு மல்லுக்கட்டாமல் ஒர்க் ஷாப்பில் விடுங்கள்.

எல்லாம் மாட்டியதும், பெடல் கெட்டியாகும்வரை மிதித்துப் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள். கழுவிய கையோடு நிறுத்திவிடாமல் பொன்னேரி சாலையில் கொஞ்சதூரம் ஓட்டி, மெதுவாகப் பிரேக் பிடித்து உலர்த்துங்கள். அன்றிரவு ஹேண்ட் பிரேக் போட வேண்டாம். ஈரத்தில் பிரேக் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.