திரைத்தொழிலில் மகளிர் கணக்கு

கோடம்பாக்கம் என்ற அளவிலே நடிகையர் முகங்கள் நம் நினைவிற்கு வருகின்றன. பெண்ணுருவம் இல்லாத திரைப்படச் சுவரொட்டி அரிது. எனவே, அத்தொழிலில் மகளிர்க்குக் குறைவில்லை என்று கருதிவிடுகிறோம். உண்மையை அறிய எளிய வழி ஒன்றுண்டு. படத்தில் ஓடும் பெயர்ப்பட்டியலைப் பொறுமையுடன் படித்தல் வேண்டும். (நம்மிற் பலர் அப்பொழுதுதான் இருக்கை தேடிக்கொண்டிருப்போம்!) எழுதியவர், இயக்கியவர், ஒளிப்பதிவு செய்தவர், முதலீடு செய்தவர் ஆகியோருள் பெண்டிர் எத்துணையர் என எண்ணுக.

டி. பி. ராஜலட்சுமி 1936-ஆம் ஆண்டிலேயே 'மிஸ் கமலா' என்னும் படத்தை இயக்கினார். ஆயினும், பி. ஆர். விஜயலட்சுமி 'சின்ன வீடு' படத்தின் ஒளிப்பதிவாளராக விளங்கியது 1985-இல்தான். இடைவெளி ஏறத்தாழ அரை நூற்றாண்டு. திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. மும்பைத் திரைத்தொழிலாளர் சங்கமொன்றில், பெண்டிர் கூந்தல் ஒப்பனை மட்டுமே செய்யலாம், முக ஒப்பனை ஆடவர்க்கே உரியது என்னும் விதி இருந்தது. முகத்திற்கு ஒருவர், முடிக்கு ஒருவர்! சாரு குரானா என்னும் ஒப்பனைக் கலைஞர் தொடுத்த வழக்கில், 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லாது என்றது.

தனியார் தம் பணத்தைத் தாம் விரும்பியவாறு செலவிடலாம். அரசு தரும் மானியமோ ஆணும் பெண்ணும் செலுத்திய வரிப்பணம். அஃது யாரிடம் சென்றது என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. ஸ்வீடன் நாட்டுத் திரைப்பட நிறுவனம், தான் நிதியளித்த படங்களின் இயக்குநர், எழுத்தாளர், தயாரிப்பாளர் ஆகியோருள் பெண்டிர் எத்துணைப் பேர் என எண்ணி வெளியிடுகின்றது. கேரள அரசு 2019-இல் பெண் இயக்குநர்களுக்கென மூன்று கோடி ரூபாய் ஒதுக்கியது. அத்திட்டத்தின் வழியே தாரா ராமானுஜன் 'நிஷித்தோ'வையும், மினி ஐ. ஜி. 'டிவோர்ஸ்' என்னும் படத்தையும் இயக்கினர்.

தலைகளை எண்ணினால் மட்டும் போதுமா? பத்துப் படங்களுள் ஐந்து பெண்டிர்க்குக் கிடைத்தன எனக் கொள்வோம். ஆடவர் படம் ஒவ்வொன்றுக்கும் நூறு ரூபாயும், பெண்டிர் படம் ஒவ்வொன்றுக்கும் இருபது ரூபாயும் அளிக்கப்பட்டிருப்பின், தலைக்கணக்கில் சரிபாதி. பணக்கணக்கிலோ பெண்டிர் பங்கு ஆறில் ஒன்றே. ஆதலின் இரண்டையும் எண்ணுதல் வேண்டும்.

இவ்விரு கணக்கிலும் அகப்படாதோரும் உளர். படப்பிடிப்புத் தளத்தைப் பெருக்கி, பாத்திரம் துலக்கி உழைக்கும் பெண்டிரின் பெயர்கள் திரையில் ஓடுவது அரிது. அவர்களை எண்ணப் புகுவோர் பெயர்ப்பட்டியலை விட்டுக் கூலிப்பட்டியலைப் புரட்ட வேண்டும்.