கையெழுத்து மட்டும் போதுமா?



ஹிஜ்ரி 2-ல் பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் மீட்புத்தொகை கட்ட வசதியில்லாத, எழுத்தறிந்தவர்கள், மதீனாவில் பத்துப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததை நாம் அறிவோம். மக்தப் நடத்தி, பிள்ளைகள் விஷயத்தில் அந்த வழியை ஓரளவு காத்து வருகிறோம். அவர்களுடைய உம்மாவும் உம்மம்மாவும்தான் விடுபட்டுப் போனார்கள்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அது போதும்" என்பார்கள். கைநாட்டை விட இது ஆபத்து என்பேன். கந்துவட்டிக்காரனுக்கு வேண்டியது, எழுதாத புரோநோட்டில் ஒரு கையெழுத்துத்தான். கந்துவட்டியைத் தடுக்க தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. எதில் கையெழுத்திட்டோம் என்றே தெரியாதவர் என்ன புகார் எழுதுவார்? கடன் முற்றினால் வீட்டில் சண்டை, குடி, பிறகு போலீஸ் ஸ்டேஷன். வட்டி ஹராம் என்று பயானில் சொல்வதோடு நம் கடமை தீராது.

ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் 1991-ல் முதியோருக்கு எழுத்தறிவு வகுப்புகள் தொடங்கின. கூலிவேலை செய்யும் பெண்களே அதிகம் வந்தார்கள். பாடப்புத்தகத்தில் சீத்தம்மா என்ற பெண்ணின் கதை. குடியால் கெட்ட குடும்பமும், ஊர்ப்பெண்கள் சேர்ந்து சாராயக்கடையை மூடியதும் அதில் வரும். படித்த பெண்கள் அதில் தங்கள் வீட்டையே கண்டார்கள். தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் தங்கள் ஊரில் சாராயம் விற்கவிடாமல் தடுத்தார்கள். அது மாவட்டமெங்கும் பரவி, ஏலங்களே நின்றன. 1993 அக்டோபரில் மாநிலம் முழுவதும் சாராயத்துக்குத் தடை வந்தது. அ, ஆ மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. அவர்களுடைய கஷ்டமே பாடமானது.

வயதாகிவிட்டது என்று கூச்சப்படுவோருக்கு ஒன்று: 1991 ஏப்ரல் 18-ல் கோழிக்கோட்டில், கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தவர் மந்திரியல்ல; முதிய வயதில் எழுத்துக் கற்ற மலப்புறத்துச் சேலக்கோடன் ஆயிஷா.

மத்திய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் (2022-27) 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் தன்னார்வலர்களிடம் படிக்கலாம். ரப்பர் பால் வெட்டும் வீடுகளில் விடியுமுன் எழும்ப வேண்டும், இரவு வகுப்பு ஒத்துவராது. அஸருக்குப் பின் மதரஸாவில் பெண்களுக்கு ஒரு மணிநேரம் வைக்கலாம். குழுக்கடன் பாஸ்புக், ரேஷன் கார்டு, புரோநோட்டு இவையே முதல் பாடமாகட்டும். கற்பிக்க முன்வரும் கல்லூரிப் பிள்ளைகளும், படிக்க விரும்பும் உம்மாமாரும் மதரஸா ஆலிமாவிடம் பெயர் கொடுக்கவும்.

— செயலாளர்