பருவத்துக்கு முந்திய ஆறு வாரம்

தொண்டைமானாறு

அன்புள்ள தம்பிக்கு,

தொழில்முறை உதைபந்தாட்டக் கழகங்கள் லீக் தொடங்குமுன் 5 அல்லது 6 வாரங்களைப் பயிற்சிக்கென்றே ஒதுக்குவது உலகெங்கும் உள்ள வழக்கம். அந்த வாரங்களில் புள்ளியும் இல்லை, கிண்ணமும் இல்லை. சம்பளம், சாப்பாடு, தங்குமிடம், பயணம் என்று செலவு மட்டும் உண்டு. கையில் காசு குறைந்த நிர்வாகத்துக்கு முதலில் வெட்டத் தோன்றுவதும் இந்த வாரங்களைத்தான். பழுத்த வீரர்கள் நிறைந்த அணி அந்த வெட்டை ஒருவாறு சமாளித்துவிடும். 18, 19 வயதுப் பெடியங்களை நம்பி இறங்கும் அணியால் முடியாது.

இந்தியாவின் ஐ-லீக்கில் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. 2017 ஒக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ணம் இந்தியாவில் நடந்தது. அதற்காக இந்திய அணி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முகாமில் ஒன்றாகத் தங்கிப் பயின்றது. வெளிநாடுகளுக்கும் போய் ஆடியது. உலகக் கிண்ணத்தில் மூன்று ஆட்டமும் தோல்வி. ஆனாலும் அந்தப் பிள்ளைகளைக் கலைத்துவிடாமல், 19 வயதுக்குட்பட்ட சிலரையும் சேர்த்து, இந்தியன் அரோஸ் என்ற பெயரில் அந்த ஆண்டு ஐ-லீக்கில் இறக்கினார்கள். நவம்பர் 29ஆம் திகதி கோவாவில் முதல் ஆட்டம். எதிரணி சென்னை சிற்றி. வயதிலும் உடற்கட்டிலும் மூத்தவர்கள். அரோஸ் 3–0 என வென்றது. அனிகெத் ஜாதவ் இரண்டு கோல் போட்டார்.

நீண்ட நாள் சேர்ந்து பயின்ற அணிக்கும் புதிதாகக் கூட்டிய அணிக்கும் உள்ள வித்தியாசம் லீக்கின் தொடக்கத்தில்தான் பெரிதாகத் தெரியும். பின்கள வீரன் பந்தை எடுத்து நிமிருமுன்பே பக்கவாட்டில் எவன் ஓடத் தொடங்குவான் என்பது ஒரு அணிக்குத் தெரிந்திருக்கும். மற்ற அணி கத்திக் கேட்டுக்கொண்டிருக்கும். ஆனால் பருவம் முடிந்தபோது அரோஸ் 18 ஆட்டங்களில் 15 புள்ளிகளுடன் 10 அணிகளில் 10ஆவது இடத்தில் நின்றது. மற்ற அணிகளும் ஆட ஆடப் பழகிக்கொள்ள, முகாம் தந்த முற்பணம் தீர்ந்துபோயிற்று என்றே இதை வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகு பேசியது பலமும் அனுபவமும்தான். முன்பயிற்சியால் பருவம் முழுவதையும் வாங்கித்தர முடியாது.

அப்படியானால் தொடக்க வாரங்களுக்காக இவ்வளவு பாடு எதற்கு என்ற கேள்வி வரும். அடுத்த பருவத்தின் புள்ளிப் பட்டியலில் அதற்குப் பதில் இருக்கிறது. 2018–19இல் அதே சென்னை சிற்றி, சிங்கப்பூர்ப் பயிற்றுநர் அக்பர் நவாஸின் கீழ், முதல் ஆட்டத்தில் அதே அரோஸை 4–1 என வென்று தொடங்கியது. எட்வின் சிட்னி வன்ஸ்போல், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் ஸ்பானிய வீரர்களோடு சேர்ந்து ஆடிய அணி அது. முடிவில் 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள் எடுத்துச் சம்பியன் ஆனது. இரண்டாவதாக வந்த ஈஸ்ட் பெங்கால் 42. முதல் வாரத்தில் கிடைக்கும் மூன்று புள்ளிகளும் கடைசி வாரத்து மூன்று புள்ளிகளும் ஒரே எடைதான்.

இளம் அணிக்கு இன்னொரு கணக்கும் உண்டு, அது உடம்புக் கணக்கு. தொழில்முறை வீரன் ஓர் ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீற்றர் ஓடுகிறான். அந்தத் தூரத்தைவிட இடையிடையே வரும் வேக ஓட்டமும், சடுதியாக நிற்பதும், திரும்புவதுமே தசையை வாட்டுகின்றன. இரண்டு மூன்று வாரம் சும்மா இருந்தாலே தாக்குப்பிடிக்கும் சக்தி இறங்கத் தொடங்கும். ஐரோப்பாவின் பெருங்கழகங்களில் 15 பருவங்களாகச் சேர்த்த காயப் பதிவுகளை ஆராய்ந்தபோது, பருவத்துக்கு முன் அதிக தடவை பயிற்சி செய்த அணிகளுக்குப் பருவத்துக்குள் காயங்கள் குறைவாக இருந்தன. வித்தியாசம் பிரமாதமானதல்ல, காயத்துக்கு வேறு காரணங்களும் ஏராளம். என்றாலும் 25 பேரில் ஐந்தாறு பேரை மட்டுமே நம்பியிருக்கும் சின்னக் கழகத்துக்கு ஒருவன் குறையாமல் இருப்பதே பெரிய விசயம்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் நிலைமை இந்தத் தொழில்முறை ஒழுங்குக்கு நேர்மாறு. இங்கே பருவம் என்று ஒன்று தெளிவாக இல்லை. ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி, கழகத்தின் ஆண்டு விழா, மின்னொளியில் விலகல் முறை ஆட்டங்கள் என்று ஒன்று முடிய ஒன்று வந்துகொண்டேயிருக்கும். நன்றாக ஆடுகிறவனை நாலு ஊர் கூப்பிடும், அவனும் மறுக்கமாட்டான். ஒக்டோபர் கடைசியில் மாரி இறங்கி மைதானத்தில் வெள்ளம் நின்றால்தான் ஓய்வு. அப்படிப்பட்டவன் ஒரு தொழில்முறை அணிக்குப் போகும்போது அவனுக்கு ஆட்டப் பழக்கம் குறைவிராது. ஆறாத கணுக்காலோடும், ஒருபோதும் முறையாக வளர்க்காத தசையோடும் போவான். ஆகவே அவனுடைய முன்பயிற்சி ஓய்வில் தொடங்க வேண்டும். இரண்டு வாரமாவது சப்பாத்தைக் கழற்றி வைப்பது பயிற்சியின் ஒரு பகுதி. இதைச் சொன்னால் பல பயிற்றுநர்களே முகம் சுளிப்பார்கள்.

பிறகு உடம்பைக் கட்டும் வாரங்கள். கடற்கரை பக்கத்தில் இருப்பதால் மணலில் ஓடவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். மணலில் ஓடக் கெட்டித் தரையைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி வேண்டும். மூட்டில் விழும் அடியும் குறைவு. ஆனால் காய்ந்த மணலில் குதிக்கால் புதையும், ஒவ்வொரு அடியிலும் கெண்டைக்காலும் குதிநரம்பும் இழுபடும். அதனால் முதல் வாரத்தில் அலை நனைத்துப்போன ஈரமணலில் மெதுவோட்டம் போதும். வேக ஓட்டத்தை மைதானத்திலேயே பழக வேண்டும், ஏனென்றால் ஆட்டம் அங்கேதான்.

தொடைப் பின்தசைக்கு நோர்டிக் பயிற்சி என்று ஒன்று உண்டு. ஒருவன் முழங்காலில் நிற்பான். மற்றவன் பின்னாலிருந்து அவனுடைய கணுக்கால்களை நிலத்தோடு அமர்த்திப் பிடிப்பான். நிற்பவன் இடுப்பை மடிக்காமல், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்பக்கம் சாய்வான். தாங்கமுடியாத இடத்தில் கைகளை ஊன்றி விழுவான். முதல் நாள் பாதியிலேயே தொப்பென்று விழாதவன் இல்லை. இதைத் தொடர்ந்து செய்த அணிகளில் பின்தசைக் காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். பீபா வகுத்த 11 பிளஸ் என்ற, 20 நிமிடத்தில் முடியும் தயார்ப் பயிற்சியிலும் இது இருக்கிறது.

அதன்பின் சேர்ந்து ஆடிப் பழகுவது. 2018இல் யாழ்ப்பாணம் துரையப்பா அரங்கில் நடந்த வட கிழக்கு பிரீமியர் லீக்கைப் போல, பல ஊர் வீரர்களைத் திரட்டி உருவாக்கும் அணிகளுக்கு இதுதான் பெரும்பாடு. தத்தம் ஊர்க் கழகங்களில் நாயகர்களாக இருந்த நான்கு முன்கள வீரர்கள் ஒரே அணியில் சேர்ந்தால், பந்து பறிபோனதும் யார் திரும்பி ஓடுவது என்பதை எவரும் பேசி முடிக்க முடியாது. ஆடித்தான் முடிக்க வேண்டும்.

சினேகபூர்வ ஆட்டங்கள் அதற்காகவே. தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் உயர்தர மாணவர்களுக்கு நடத்தும் பரீட்சையைப் போன்றவை அவை: புள்ளி எந்தச் சான்றிதழிலும் ஏறாது, எந்த அலகில் ஓட்டை என்பது மட்டும் வெளிச்சமாகும். 5–0 என்று வென்று எதையும் கண்டுபிடிக்காத ஆட்டத்தைவிட, 0–2 என்று தோற்று மூலை உதையில் எவனை எவன் பிடிக்கவில்லை என்று காட்டிய ஆட்டம் இலாபம். அமெரிக்க உதைபந்தாட்டம் வேறு விளையாட்டுத்தான், ஆனாலும் அங்கே 2008இல் டிட்ரொயிட் லயன்ஸ் பருவத்துக்கு முந்திய நான்கு ஆட்டங்களையும் வென்று, பருவத்தின் 16 ஆட்டங்களையும் தோற்றது. இளம் அணி இந்த ஆட்டங்களில் தன்னைவிடப் பலமான அணியோடு ஒரு தடவையாவது மோத வேண்டும். எல்லா ஆட்டமும் அப்படியானால் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள்.

ஆட்ட நேரமும் கவனிக்க வேண்டியது. மாலை வெயில் தணிந்த பிறகே பழகிய அணி, பிற்பகல் 3 மணி வெக்கையில் லீக் ஆட்டம் ஆடினால் இரண்டாம் பாதியில் கால் இழுக்கும். உடம்பு வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் எடுக்கும் என்பதால், ஆட்டம் நடக்கும் நேரத்துப் பயிற்சியைக் கடைசி வாரத்துக்கு ஒத்திவைப்பதில் பயனில்லை.

கடைசி வாரத்தில் சுமையைக் குறைக்க வேண்டும். ஓட்டத்தின் வேகம் அப்படியே இருக்க, நேரம் மட்டும் சுருங்கும். இளையவர்கள் அதிகமாகப் பிழைவிடும் வாரமும் இதுதான். முதல் பதினொருவரில் இடம் கேட்டு, பயிற்சி முடிந்த பின்னும் தனியே ஓடிக்காட்டுவார்கள். கால் வலியை மறைப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்புவது பயிற்றுநரின் வேலை. அந்த வாரம் தொடங்கும்போதே அணிப் பட்டியலைச் சொல்லிவிடுகிற பயிற்றுநருக்கு இந்தத் தொல்லை பாதி குறையும்.

இப்படிக்கு,
அன்புள்ள அண்ணன்