ஆப்பரேஷனுக்கு முன் காய்ச்சலா? மறைக்காமல் சொல்லுங்கள்

லகாட், பூசிங், பத்து காஜா வட்டார மூத்தோர் கவனத்திற்கு

குடலிறக்கத்துக்கோ முழங்காலுக்கோ அறுவைச் சிகிச்சைத் தேதி கிடைக்கச் சில மாதங்கள்கூட ஆகலாம். உங்களை ஈப்போவுக்கு அழைத்துப் போக மகன் லீவு எடுத்திருப்பார். அந்த வாரம் பார்த்துத் தொண்டை கரகரத்து, உடம்பு லேசாகச் சுடும். சொன்னால் தேதி போய்விடுமே என்று இரண்டு பானடோல் போட்டுக்கொண்டு கிளம்புபவர்கள் உண்டு. பானடோல் சூட்டைத்தான் இறக்கும். கிருமி உள்ளேயே இருக்கும். தாதி சோதிக்கும்போது காய்ச்சல் தெரியாமலே போகலாம்.

2020 தொடக்கத்தில், சீனாவின் வூஹான் நகரில் கோவிட் தொற்றியிருப்பது தெரியாமலே 34 பேருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. பிறகு அனைவருக்கும் நிமோனியா கண்டது. 15 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். 7 பேர் இறந்தார்கள். சிலருக்கு இருதயத் தசை பாதிக்கப்பட்டது, துடிப்பு சீர்கெட்டது. அது தடுப்பூசி இல்லாத காலம். இன்றைய நிலை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் காரணம் மாறவில்லை. கிருமியோடு போராடும் உடம்பில் இருதயம் வேகமாகத் துடிக்கும், இரத்தம் எளிதில் உறையும். அறுவைச் சிகிச்சையும் இதையேதான் செய்கிறது. இரண்டு சுமையும் ஒரே நேரத்தில் விழுந்தால், வயதான இருதயம் தாங்குவது கடினம். சளிக்காய்ச்சலும் டெங்கியும்கூட இருதயத்தைத் தாக்கக்கூடியவை.

ஆகவே இருமல், காய்ச்சல், உடல்வலி இருந்தாலும், வீட்டில் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், புறப்படும் முன்பே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். பானடோல் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அவசரச் சிகிச்சை என்றால் தக்க பாதுகாப்போடு செய்வார்கள். அவசரமில்லை என்றால் வேறு தேதி தருவார்கள். இருதய மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீடு திரும்பிய பிறகும் கவனம் தேவை. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், 45 வயதுக்கு மேற்பட்ட 15,000க்கும் அதிகமான நோயாளிகளைக் கவனித்தார்கள். இருதயம் அல்லாத வேறு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அவர்கள். 30 நாட்களுக்குள் 100இல் 8 பேருக்கு இருதயத் தசை பாதிக்கப்பட்டிருந்தது. அந்த 8 பேரில் பெரும்பாலோருக்கு நெஞ்சுவலியே இல்லை! இனிப்புநீர் உள்ளவர்களுக்கு வலி இன்னும் குறைவாகத் தெரியலாம்.

மூச்சு வாங்குதல், படபடப்பு, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல், நெஞ்சில் அழுத்தம் வந்தால், வாயு என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுக்க வேண்டாம். இரவானாலும் 999க்கு அழையுங்கள். எந்தத் தேதியில் என்ன ஆப்பரேஷன் நடந்தது என்பதை முதலில் சொல்லுங்கள்.