சாலைத் தெருவிலிருந்து கடல் கடக்கும் புத்தகம்

ஆ. மாதவன் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை ஒட்டிய சாலைத் தெருவில் பாத்திரக் கடை நடத்திக்கொண்டே எழுதியவர். அவருடைய ‘கிருஷ்ணப் பருந்து’ ஒன்றை மட்டும் டொரண்டோவுக்கு அனுப்புவது ஒரு வேலை. அதோடு நகுலன், நீல. பத்மநாபன் என்று பத்துப் புத்தகம் அனுப்புவது வேறு வேலை. எந்த வழியில் அனுப்பலாம் என்பதை ஊரைவிட எடைதான் முடிவு செய்கிறது.

ஒன்றிரண்டு புத்தகத்துக்கு அஞ்சலே போதும் என்பேன். 2 கிலோவுக்குள் இருந்தால் சர்வதேச டிராக்டு பாக்கெட்டில் போகும், போகுமிடம் கண்காணிக்கவும் முடியும். சீக்கிரம் சேர வேண்டுமென்றால் வெளிநாட்டு ஸ்பீட் போஸ்ட். அதன் கட்டணம் 250 கிராம் படிகளாக ஏறுவதால் 510 கிராம் பொதிக்கு 750 கிராமுக்கான காசு வாங்குவார்கள். ஒட்டுவதற்கு முன் வீட்டிலேயே நிறுத்துப் பார்த்து, அதிகப்படியான அட்டையைக் கத்தரித்துவிடுங்கள்.

தனியார் கூரியர் வேகமானது, வாசல்வரை வருவது. ஆனால் அங்கே கன அளவு எடை என்று ஒரு கணக்கு உண்டு: நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அதையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்குக் கட்டணம். 600 கிராம் புத்தகத்தைச் சுற்றிலும் மெத்தை போல் பபிள் ரேப் திணித்து 32×24×13 பெட்டியில் வைத்தால் அது 2 கிலோ ஆகிவிடும். அதையே அட்டைக்கு நடுவே இறுக்கி 24×16×5 அளவில் கட்டினால் கன அளவு 400 கிராமைக்கூடத் தொடாது. பத்துப் புத்தகம் நெருக்கமாக அடுக்கிய பெட்டிக்கு இந்தக் கவலையே இல்லை, காகிதம் கனமான சரக்கு.

ஒரே வழியை நம்பியிருப்பதும் நல்லதல்ல. 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்காவுக்கான பார்சல்களை இந்திய அஞ்சல் துறை நிறுத்தியது. அக்டோபர் 15-இல்தான் அவை மறுபடி புறப்பட்டன. அந்த வாரங்களில் கூரியர்தான் கைகொடுத்தது.

வளைகுடாவுக்கு இன்னொரு வழி, போகிற ஆளிடம் கொடுத்துவிடுவது. விமான நிலையம் கிழக்கேகோட்டைக்குப் பக்கம், ஊருக்கு வந்து திரும்புகிறவர் எந்த வாரமும் இருப்பார். அவரிடம் ஒட்டிய பொதியைக் கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பது என்னவென்று அவருக்கே தெரிய வேண்டும், விமான நிலையத்தில் கேட்டால் பிரித்துக் காட்டவும் வேண்டும்.

விற்பனைக்கு அனுப்பும் புத்தகத்தைப் ‘பரிசு’ என்று எழுதுவது தவறு. ஏற்றுமதிக் குறியீட்டு எண் வாங்கிக்கொண்டு, டாக் கர் நிர்யாத் கேந்திரா எனும் அஞ்சல் ஏற்றுமதி மையம் வழியே அஞ்சல் ஏற்றுமதிப் பத்திரம் போட்டால் எல்லாம் ஒழுங்கு. அச்சிட்ட புத்தகத்தின் சுங்கத் தலைப்பு 4901. கோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் கிடைக்கும் சுவடிகளை மட்டும் தொடாதீர்கள். 75 ஆண்டு கடந்த, மதிப்புள்ள கையெழுத்துப் படிகளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது.

எந்த வழியானாலும் கட்டும் முறைதான் புத்தகத்தைக் காப்பாற்றும். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் காகிதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்படியே பாலித்தீன் உறையில் அடைத்தால் பூஞ்சையைச் சேர்த்து அனுப்பியதாகும், ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் வைத்துவிட்டு உறையிடுங்கள். சாலைத் தெருவில் பழைய அட்டைப்பெட்டி மலிவாகக் கிடைக்கும். மசாலாவோ சோப்போ வந்த பெட்டி வேண்டாம், அந்த மணம் தாளில் ஏறினால் போகாது. புத்தகங்களைப் படுக்கைவசமாக, முதுகு மாற்றி மாற்றி அடுக்கி, குலுக்கினால் சத்தம் வராத அளவுக்கு இடைவெளியைக் காகிதத்தால் நிரப்புங்கள்.

முகவரிச் சீட்டு ஒன்றைப் பெட்டிக்கு உள்ளேயும் வையுங்கள். துபாய், அபுதாபி என்றால் அஞ்சல் பெட்டி எண்ணும் கைபேசி எண்ணும் அதில் கட்டாயம் இருக்கட்டும்.